யானைமலை: ஒரு படமும் இரு பார்வைகளும்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும் எவருக்கும் கால் மடக்கிப் படுத்திருக்கும் யானை ஒன்று தென்படும். வெளியூர் சென்று அவ்வழியே திரும்பும் நமக்கு, ஊர் வந்துவிட்டது என்ற நிறைவு அதைக் கண்ட பிறகே வருகிறது. இம்மலையை 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒருவர் புகைப்படமாக எடுத்திருக்கிறார். நம் ஊரின் முகத்தை முதலில் பதித்தவர்களுள் ஒருவரான அவர், நம் ஊர்க்காரர் அல்லர்.

லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி. 1856-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனப் பயணம் செய்தார். வடக்கே பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்காத காலம் அது. மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, மெழுகூட்டிய காகிதத்தையே பெரும்பாலும் எதிர்மறைப் படத்துக்குப் பயன்படுத்தினார். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை வீண்செலவென்று கருதி நிறுத்தச் செய்தார்.

அக்காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி விழ வேண்டும். அசையாதது பதியும், நடந்துபோகிறவர் பதிவதில்லை. ஆகவே டிரைப்பின் கோயில் வீதிகளிலும் ஆற்றங்கரைகளிலும் மனிதர் மிக அரிது. வானமும் வெறும் வெளுப்பாகவே வரும் என்பதால், பல எதிர்மறைப் படங்களில் அவரே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். நாம் ‘அன்றைய மதுரை’ என்று வியப்பது, ஓரளவுக்கு ஆளற்றதாக்கப்பட்டு வானம் எழுதிச் சேர்க்கப்பட்ட மதுரையைத்தான்.

யானைமலைப் படத்திற்கு அவர் இட்ட பெயர், ஆங்கிலத்தில், யானைப் பாறை என்பதே. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது பொருத்தமான பெயர். ஆனால் மலையடியில் நரசிங்கம் கிராமத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் யானை தெரியாது, பாறைதான் தெரியும். அங்கே வேறு சில தெரியத் தொடங்கும். மலைமேல் சமண முனிவரின் கற்படுக்கைகளும் தமிழிப் பொறிப்பும். பாறை முகப்பில் சமணச் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்தோருள் ஒருவரான அச்சணந்தியின் பெயரும். அடிவாரத்தில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770-இல் குடைவித்த நரசிங்கப்பெருமாள் கோயில். சமணர் ஏவிய யானையைச் சோமசுந்தரர் அம்பெய்து வீழ்த்த அதுவே இம்மலையானது என்று திருவிளையாடற் புராணம் கூறும். வென்றவர் கதையும் தோற்றவர் படுக்கையும் ஒரே பாறையில் இருக்கின்றன. நாம் இவற்றுள் எவருடைய வழித்தோன்றல்? அனைவருடையதும் என்பதே நேர்மையான விடை என்று தோன்றுகிறது. டிரைப்பின் படம் அவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. கடமை நம்முடையது.

அக்கடமையின் அவசியம் 2010-இல் விளங்கிற்று. மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் பேசப்பட்டபோது, அவ்வூர் மக்களும் வரலாற்று ஆர்வலரும் எதிர்த்து நின்றனர்; திட்டம் நிறைவேறவில்லை. திட்டமிட்டவர்களுக்கு அம்மலை, இனிமேல்தான் எதையேனும் செதுக்கவேண்டிய வெறும் பாறையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்ட மலை என்பதை அடிவாரத்தில் இருந்தோர் அறிந்திருந்தனர்.

டிரைப்பின் படத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அதன் அழகு மெய்யானது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பும் யானை இப்படியே படுத்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதைக் கண்டபின் ஒருமுறை நரசிங்கம் வரை நடந்துவிட்டு வருவது நல்லது. டிரைப்பின் காகிதத்தில் பதியாமல் நடந்துபோனவர்கள் நம் முன்னோர். அவர்கள் நடந்த பாதை இன்னும் அங்கே இருக்கிறது.