சலித்த மிளகும் சிதைந்த கட்டளையும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூதப்பள்ளியைக் காணச் செல்வோர் நடக்கும் யூதத் தெருவில்தான் இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கமும் இருக்கிறது. ('பரதேசி' என்ற சொல்லுக்கு அங்கே அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள், இன்றைய தமிழில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதி வேறு.) 1957இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தில் மிளகின் முன்பேர வணிகம் நெடுங்காலம் குரலால் நடந்தது. வணிக மண்டபத்தின் ஓரங்களில் தொலைபேசி வைத்த சிறு அடைப்புகள். நடுவே தரகர்கள் கூவும் வெளி. தொலைபேசியில் வந்த சொல்லைக் கேட்ட தரகர் அதை நடுவெளியில் விலையாகவும் அளவாகவும் கூவுவார். இன்னொருவர் ஏற்பார். அவ்வளவில் ஒப்பந்தம் பிறந்துவிடும்.

அங்கே விலைபேசப்பட்ட மிளகின் ஒரு தரத்திற்கு 'மலபார் கார்பிள்ட்' என்று பெயர். 'கார்பிள்ட்' என்றால் சலித்துத் தூசும் காம்பும் பதரும் நீக்கியது என்று பொருள். சலிக்காதது 'அன்கார்பிள்ட்'. சல்லடையால் சலித்தலைக் குறிக்கும் அரபு வினையான 'கர்பல' இத்தாலிய வணிகரின் வழியாக ஆங்கிலத்திற்குள் வந்தது. இடைக்கால இலண்டனில் நறுமணப்பொருள்களைச் சலித்துத் தூய்மை பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார். அவரது பதவிப்பெயரும் இச்சொல்லிலிருந்து வந்ததே. பின்னர்ப் பொருள் வழுக்கியது. சலித்தெடுத்தல் என்பது வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்தல் ஆயிற்று; பொறுக்கியெடுத்தல் திரித்தல் ஆயிற்று. தந்தி வந்த பிறகு வழியில் எழுத்துச் சிதைந்த செய்திக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆங்கிலம் பேசும் பொறியாளருக்குக் 'கார்பிள்ட்' என்றால் குழம்பிப்போனது. மட்டாஞ்சேரி வணிகருக்குத் தூயது. ஒரே சொல்லின் இவ்விரு முனைகளுக்கும் இடையில் ஒரு பழைய சிக்கல் கிடக்கிறது: தொலைவில் உள்ள பலருக்கு ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் அனுப்பி, எல்லோரும் அதைச் சிதையாமல் பெற்று அதன்படி செய்தார்கள் என்பதை எப்படி அறிவது?

கூவல் மண்டபத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கு ஒரு குரல் எல்லாக் காதுகளிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் விழுகிறது. அதைவிட முக்கியமாக, மற்றவரும் கேட்டார் என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் காண்கிறார். ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி 1962இல் நூலாக வந்த சொற்பொழிவுகளில், சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, ஒரு செயலைச் செய்கின்றன என்று காட்டினார். தரகரின் 'விற்றேன்' அவ்வகைக் கூற்று. ஆனால் ஆஸ்டினின் எடுத்துக்காட்டுகளில் பேசுபவரும் கேட்பவரும் பெரும்பாலும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். இடம் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை வணிகர்கள் தத்துவவாதிகளுக்கு முன்பே காசு இழந்து கற்றிருந்தார்கள்.

1887இல் பிலடெல்பியாவின் கம்பளி வணிகர் பிராங்க் பிரிம்ரோஸ் கான்சாஸிலிருந்த தம் முகவருக்கு ஒரு தந்தி அனுப்பினார். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்த காலமாதலால், ஒரு முழு வாக்கியத்தை ஒரு சொல்லில் அடக்கும் குறிச்சொற்கள் வழக்கில் இருந்தன. பிரிம்ரோசின் குறிப்பேட்டில் 'பே' என்றால் 'நான் வாங்கிவிட்டேன்'. முகவரின் கையில் கிடைத்தது 'பை', அதாவது 'வாங்கு'. மோர்சு முறையில் இரண்டு சொற்களின் நடு எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. முகவர் வாங்கத் தொடங்கினார். பிரிம்ரோசுக்கு 20,000 டாலருக்கு மேல் இழப்பு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாதிக் கட்டணம் கூடுதலாகச் செலுத்தியிருந்தால் பெற்ற செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும் வசதி இருந்தது, பிரிம்ரோஸ் அதை வேண்டவில்லை. ஆகவே தந்தி நிறுவனத்தின் பொறுப்பு தந்திக் கட்டணத்தோடு முடிகிறது என்று 1894இல் தீர்ப்பு வந்தது. அக்கட்டணம் 1 டாலர் 15 சென்ட். ஒப்புகை பெறாமல் கட்டளையிடுவதன் விலையை ஒரு நீதிமன்றம் இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டுச் சொன்னது அரிது.

கணினிகள் இச்சிக்கலை மரபுரிமையாகப் பெற்றன. 1970களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுமையத்தில் ஆல்டோ என்னும் கணினிகள் ஈத்தர்நெட் வடத்தால் இணைக்கப்பட்டிருந்தன. தொடக்கக் கால ஈத்தர்நெட் ஒரு கூவல் மண்டபமே: ஒரே வடம், ஒன்று பேசினால் எல்லாம் கேட்கும், இரண்டு ஒருசேரப் பேசினால் மோதிக் குழம்பும், பிறகு ஒவ்வொன்றும் சிறிது தயங்கி மீண்டும் முயலும். ஜான் ஷாக், ஜான் ஹப் ஆகிய இருவர் அங்கே ஒரு சோதனை செய்தனர். இரவில் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு, பல கணினிகளை ஒரே வேலையில் ஈடுபடுத்தும் நிரல் அது. அவர்கள் அதற்கு 'புழு' என்று பெயரிட்டனர். ஓர் இரவு நிரலின் ஒரு படி சிதைந்தது. சிதைந்த படி ஒரு கணினிக்குச் சென்று அதை முடக்கியது; இடம் இழந்த புழு அடுத்த கணினியைத் தேடி, அதையும் முடக்கியது. காலையில் கட்டடமெங்கும் ஏறத்தாழ 100 கணினிகள் செத்துக் கிடந்தன. எல்லாப் புழுக்களையும் ஒரே வீச்சில் நிறுத்தும் அவசரக் கட்டளை ஒன்றை அவர்கள் முன்னெச்சரிக்கையாக வைத்திருந்தார்கள். அதை வடத்தில் விட்டபோதுதான் பரவல் நின்றது. 1982இல் இதைத் தாங்களே ஒளிக்காமல் கட்டுரையாக எழுதினார்கள். பல கணினிகளுக்கு ஒரே கட்டளை என்னும் துறையின் தொடக்க ஏடு ஒரு தோல்வியின் வாக்குமூலமாக அமைந்தது அத்துறையின் நற்பேறு.

அடுத்த ஆண்டு வெளிவந்த பெர்க்லி யூனிக்சின் 4.2 பதிப்பில் 'ஆர்.எஸ்.எச்.' என்னும் தொலைக்கட்டளைக் கருவி இருந்தது. ஒரு கணினியில் அமர்ந்தபடி இன்னொன்றில் கட்டளை ஓட்டலாம். நம்பிக்கைக்குரிய கணினிகளின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் கடவுச்சொல்லும் கேட்காது. தெரிந்த குரல் என்றால் கதவைத் திறக்கும் வீடு போன்றது. குரலை நடிக்கத் தெரிந்தவனுக்கும் திறக்கும். 1988 நவம்பர் 2ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்னும் ஆய்வு மாணவர் விடுத்த புழு, மின்னஞ்சல் நிரலின் ஓட்டைகளோடு இந்த நம்பிக்கைப் பட்டியல்களையும் பயன்படுத்திக்கொண்டது. 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அந்த எண் ஓர் ஊகக் கணக்கு என்பதும் பின்னர் வெளிவந்தது. 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட நிகழ்வுக்குப் பிறகு தாத்து யுலோனன் என்னும் ஆய்வாளர் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் மறையாக்க வழியை எழுதினார். இன்று உலகின் சேவையகங்களுக்குச் செல்லும் கட்டளைகளில் பெரும்பகுதி அவ்வழியே செல்கிறது. சொன்னவர் யார், வழியில் யார் கேட்டார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அது விடை தந்தது. கேட்டவர்கள் எல்லோரும் செய்தார்களா என்னும் மூன்றாவது கேள்வி அப்படியே நின்றது.

இதே காலத்தில் மலிவான கணினிகளைக் கொத்தாக இணைத்து மீக்கணினி ஆக்கும் முறை வளர்ந்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் அமைந்த 'கப்ரு' 144 கணுக்கள் கொண்ட லினக்ஸ் கொத்து. அத்தகைய இடத்தில் ஒவ்வொரு கணுவாக உள்நுழைந்து ஒரே கட்டளையை 144 முறை தட்டச்சு செய்ய யாராலும் இயலாது. இத்தேவைக்காகவே அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 'பி.டி.எஸ்.எச்.' எழுதப்பட்டது, பின்னாளில் 2012இல் மைக்கேல் டிஹான் 'ஆன்சிபிள்' என்னும் கருவியை வெளியிட்டார். அப்பெயர் அறிவியல் புனைகதையிலிருந்து வந்தது. உர்சுலா லெ குவின் தம் 1966ஆம் ஆண்டு நாவலில் விண்மீன்களுக்கிடையே கணநேரத்தில் செய்தி கடத்தும் கருவிக்கு இட்ட பெயர் அது. பெயரில் கணநேரம், நடைமுறை வேறு. தனியே மாற்றியமைக்காத வரை பி.டி.எஸ்.எச். ஒரு நேரத்தில் 32 கணினிகளோடும் ஆன்சிபிள் 5 கணினிகளோடும் மட்டுமே பேசும்; ஒன்று முடிந்தால் அடுத்தது. 'ஒரே நேரத்தில்' என்பது உண்மையில் விரைவாக நகரும் வரிசை. மட்டாஞ்சேரித் தரகர் தொலைபேசியில் ஒவ்வொரு ஊராக அழைத்து விலை சொன்னதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு குறைவு. கூவலுக்கும் இதற்கும்தான் வேறுபாடு பெரிது.

அந்த வேறுபாட்டின் விலை 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க்கில் தெரிந்தது. நைட் கேப்பிட்டல் என்னும் பங்குத் தரகு நிறுவனம் தன் 8 சேவையகங்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. எட்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இரண்டாவது ஆள் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. எட்டாவதில் 2003க்குப் பின் பயன்படுத்தாத ஒரு பழைய நிரற்பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலுக்கான அடையாளக்குறியும் பழையதற்கான குறியும் ஒன்றே. சந்தை திறந்ததும் ஒரே குறியை ஏழு கணினிகள் ஒரு பொருளிலும் எட்டாவது வேறு பொருளிலும் புரிந்துகொண்டன. பிரிம்ரோசின் தந்தியில் சொல் மாறிப் பொருள் மாறியது. இங்கே சொல் மாறாமலே பொருள் மாறியது. சந்தை திறக்கும் முன்பே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் பிழையைச் சுட்டியிருந்தன. எவரும் அவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. கோளாறைச் சரிசெய்ய முயன்றவர்கள் சரியாக இருந்த ஏழு கணினிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். எட்டும் ஒன்றுபோல் ஆயின, ஆனால் தவறான பக்கத்தில். 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஆணையில் இந்த விவரங்கள் உள்ளன; கணினித்துறை மாணவர்களைப் போலவே மொழியியல் மாணவர்களும் அதைப் படிக்கலாம்.

இவ்விடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று உதவுகிறது. 'கட்டளை' என்பதற்கு ஆணை என்ற பொருள் இன்று முன்னிற்கிறது. ஆனால் செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றே பெயர். எழுத்தெண்ணிப் பாடும் கலித்துறை கட்டளைக் கலித்துறை. திருக்குறளில் வரும் கட்டளைக்கல் பொன்னின் மாற்று அறியும் உரைகல். ஏவல் ஒரு பொருள், அளவுகோல் இன்னொரு பொருள். ஓஸ்லோவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்கெஸ் 1993இல் எழுதிய 'சி.எப்.என்ஜின்' இவ்விரண்டாம் பொருளின் பக்கம் நகர்ந்தது. 'இதைச் செய்' என்று ஒவ்வொரு கணினிக்கும் ஏவுவதை விட்டு, 'நிலை இப்படி இருக்க வேண்டும்' என்று ஓர் அச்சை அது கொடுத்தது. ஒவ்வொரு கணினியும் தன்னை அந்த அச்சோடு ஒப்பிட்டு, விலகியிருந்தால் திருத்திக்கொள்ளும். ஒருமுறை கேட்கத் தவறியது அடுத்த முறை சரியாகும். 2004 முதல் பர்கெஸ் இதைக் கோட்பாடாகவும் வளர்த்தார்: எந்த ஓர் உறுப்பையும் வெளியிலிருந்து கட்டாயப்படுத்த இயலாது; அது தன் நடத்தையைப் பற்றித் தானே வாக்களிக்க மட்டுமே முடியும். வாக்குறுதிக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். யூதத் தெருவில் விற்கப்பட்டதும் வாக்குறுதிதானே. மிளகு பிறகுதான் வரும்.

மிளகு வர வேண்டிய இடத்தில்தான் அடுத்த சிக்கல் எழுந்தது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் வணிகம் கணினித் திரைக்கு மாறியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சந்தை ஒன்று 2004இல் மிளகு ஒப்பந்தங்களைத் தொடங்க, நாடெங்கும் இருந்த திரைகளில் ஒரே விலை ஒரே நேரத்தில் தெரிந்தது. மட்டாஞ்சேரியின் கூவல் ஓய்ந்தது. மலையோர உழவருக்கு இதனால் விலை விரைவாகத் தெரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கூவல் மண்டபத்தின் சுவர்களுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் அது முதலில் தெரிந்த காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவது சுற்றுலாக் கையேட்டின் வேலை. ஆயினும் திரை மிளகை முகர்ந்து பார்ப்பதில்லை. கொச்சிக் கிடங்குகளில் ஒப்பந்தத்திற்காக வைக்கப்பட்டிருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தது. 2012 இறுதியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன் சரக்கை முத்திரையிட்டார்கள். அடுத்த ஆண்டு அச்சந்தையில் மிளகு வணிகம் நின்றது. எல்லாத் திரைகளும் ஒன்றுபோல் காட்டிய எண், கிடங்கில் இருந்த பொருளோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் 'சேப்' கடலடி வடம் 2002 முதல் கொச்சியில் கரையேறுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த 'சீ-மீ-வீ 3' வடத்திற்கும் இங்கே ஒரு கரைநிலையம் இருந்தது. எங்கோ அமர்ந்திருக்கும் ஒருவர் எங்கோ இருக்கும் நூறு சேவையகங்களுக்கு விடுக்கும் கட்டளை இந்தக் கடற்கரையைக் கடந்து செல்லக்கூடும். அங்கிருந்து சிறு தொலைவில், சந்தைச் செய்திகளில் கொச்சி மிளகின் விலை இன்னும் இரண்டு வரிகளாகவே வருகிறது: 'கார்பிள்ட்' ஒரு விலை, 'அன்கார்பிள்ட்' அதற்குச் சற்றுக் கீழே.