சனிக்கிழமைச் சம்பளமும் டிபேஸும்

1993-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் இன்னொரு அக்காவும் உட்கார்ந்து 160 பேருக்குப் பீஸ் ரேட் போட்டுக் கூட்டுவோம். கூட்டுவதைவிடப் பெரிய பாடு நோட்டுப் பிரிப்பு. 687 ரூபாய் வாங்குகிறவருக்கு நூறு ஆறு, ஐம்பது ஒன்று, பத்து மூன்று, ஐந்து ஒன்று, இரண்டு ஒன்று. இப்படி எல்லாக் கவருக்கும் பிரித்து, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கொடுத்தால்தான் காலையில் பாங்கில் சரியாகக் கேட்டு வாங்க முடியும். ஓர் இடத்தில் தவறினாலும் கடைசி நாலு கவருக்குச் சில்லறை இருக்காது.

அந்தப் பாடு தீரவேண்டும் என்றுதான் சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். பேசிக், கோபால், பாஸ்கல், சி, டிபேஸ் என்று போர்டில் எழுதியிருந்தார்கள். சி படித்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். எனக்கு வேலை இருந்தது. அதை முடிக்கத்தான் வழி வேண்டியிருந்தது. டிபேஸ் த்ரீ ப்ளஸ் எடுத்தேன்.

அந்த மொழி பிறந்த கதை பிற்பாடுதான் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் பசடேனாவில் இருக்கும் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் வேன் ராட்லிஃப். அலுவலகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம் கட்டுவார்கள். அதில் ஜெயிக்க, அணிகளின் பழைய ஆட்ட விவரங்களைச் செய்தித்தாள்களிலிருந்து எடுத்துத் தொகுத்துப் பார்த்தார், காகிதத்தில் கட்டுப்படியாகவில்லை. ஆய்வகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் ஜேபிஎல்டிஸ் என்றொரு தகவல் தொகுப்பு மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. அதை மனதில் வைத்து, வீட்டிலிருந்த சின்னக் கம்ப்யூட்டருக்கு 1978-இல் தானே ஒன்று எழுத ஆரம்பித்தார். பெயர் வல்கன். ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீ இருவரும் அதை விற்கும் உரிமையை வாங்கி டிபேஸ் டூ என்று விற்றார்கள். டிபேஸ் ஒன்று என ஒரு சரக்கு வந்ததே இல்லை. ஆஷ்டன்-டேட் என்று கம்பெனிக்குப் பேர் வைத்தார்கள். ஆஷ்டன் என்று அங்கே கூட்டாளி யாரும் கிடையாது.

பெயர்கள் எப்படியோ, உள்ளே இருந்தது உண்மையான சரக்கு. திரையில் ஒரு புள்ளி நிற்கும். அதன் பக்கத்தில் யூஸ் என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் திறக்கும். லிஸ்ட் என்றால் வரிசையாகக் காட்டும். ஒருவரை நீக்க டெலீட் கொடுத்தால் அந்த வரி போய்விடாது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். ரீகால் கொடுத்தால் குறி நீங்கும். பேக் கொடுத்த பிறகுதான் நிஜமாகவே அழியும். லெட்ஜரில் தப்பு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டுத்தான் அடிக்கவேண்டும், அடித்தது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கண்டிப்பாக இருந்தார். அவர் சொன்னது கம்ப்யூட்டருக்கும் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நோட்டுப் பிரிப்புக்கு நான் எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. சம்பளத்தை நூறால் வகுத்து முழு எண்ணை எடு, மிச்சத்தை ஐம்பதால் வகு, அதன் மிச்சத்தைப் பத்தால் வகு, இப்படியே இரண்டு வரைக்கும் போ. அடுத்த ஆளுக்கு நகர்ந்து திரும்பவும் செய். அது ஓடிய முதல் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனோம். பெண்களான எங்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

நான் படிக்கத் தொடங்கும் முன்பே டிபேஸ் தொழிலில் சண்டை வந்திருந்தது. ஒஹையோவில் டேவ் ஃபுல்டனின் ஃபாக்ஸ் கம்பெனி, டிபேஸ் கட்டளைகளையே வேகமாக ஓட்டும் மென்பொருளை விற்றது. ஆஷ்டன்-டேட் வழக்குப் போட்டது. டிபேஸ் ஜேபிஎல்டிஸிலிருந்து வந்ததைப் பதிப்புரிமை அலுவலகத்துக்குச் சொல்லவில்லை என்று 1990-இல் நீதிபதி அதன் உரிமையையே செல்லாது என்றார். சில மாதத்தில் அந்த உத்தரவைத் தானே திரும்பப் பெற்றார். 1991-இல் ஆஷ்டன்-டேட் போர்லாண்ட் கம்பெனியிடம் போனது. 1992-இல் ஃபாக்ஸ் மைக்ரோசாஃப்டிடம் போனது. ஃபாக்ஸின் மென்பொருளான ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு 2004-இல் வந்தது. இனி புதுசு இல்லை என்று 2007-இல் அறிவித்தார்கள். 2015-இல் ஆதரவும் நின்றது.

அதற்காக நான் படித்தது வீணாகிவிடவில்லை. 1991-இல் வந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.0-க்குள்ளேயே தகவல் தொகுப்புகளிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் எஸ்க்யூஎல் மொழியின் செலக்ட் கட்டளை இருந்தது. ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வெளியிட்ட அந்த மொழி இன்றைக்கும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடுகிறது. நான் அதைக் கற்றது பிற்பாடு ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மாறியபோதுதான்.

போன மாதம் தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, ஆபீஸ் வேலைக்குப் பைத்தான் படிக்கட்டுமா, வேற எதாவதா?" எந்த வேலை உன்னை வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார வைக்கிறது என்று கேட்டேன். பத்து ஏஜென்ட்டுகள் அனுப்பும் எக்செல் கோப்புகளை ஒன்றாக்குவதாம். அப்படியானால் பைத்தான் எடு, கூடவே எஸ்க்யூஎல்லும் படி என்றேன். எக்செலைத் தவிர வேறெதையும் நிறுவ விடாத அலுவலகமாக இருந்திருந்தால், எக்செலுக்குள்ளேயே இருக்கும் விபிஏ என்று சொல்லியிருப்பேன்.

அவளிடம் என் 1994 சம்பளக் கோப்பையும் கொடுத்தேன். ஃப்ளாப்பியிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்த, டிபேஸின் டிபிஎஃப் கோப்பு. லிப்ரே ஆபீஸில் திறந்தாள். பேர், பிரிவு, பீஸ், ரேட், தொகை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.