களவை அறிவிக்கும் கம்பி

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. இன்று முலுண்ட் நிலையம் இருக்கும் பூமியைக் கடந்தே அது தாணாவை அடைந்தது. அதே ஆண்டு ஜூன் 21ஆம் நாள், அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்தவரான அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பார் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறக்கப்பட்டால் மின்சாரம் பாயும். மின்காந்தம் ஒரு சுத்தியலை அசைத்து மணியை அடிக்கும். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரான தொடர்பில்லை. ஆயினும் ஊரை விட்டு வெகுதூரம் சென்று வாழ முதலாவது வழி செய்தது. பூட்டிவிட்டுப் போன வீட்டைப் பற்றிய கவலைக்கு இரண்டாவது மருந்து தேடிற்று.

நம் நாட்டில் அக்கவலைக்கு மனிதரே மருந்தாக இருந்தனர். தென்பாண்டிச் சீமையில் காவற்காரருக்குக் கிராமத்தார் நெல்லும் பணமும் அளித்து வந்தனர். பொருள் களவு போனால் அதை மீட்டுத் தருவதோ, ஈடு கொடுப்பதோ காவற்காரர் பொறுப்பு. பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பினியார் இம்முறையை ஒடுக்க முற்பட்டனர். பல ஊர்களில் அது அதன்பின்னும் நெடுநாள் நிலவியது. அதில் வன்முறையும் மிரட்டலும் கலந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் யார் விழித்திருப்பார், யார் பதில் சொல்வார் என்பதில் ஐயமிருந்ததில்லை.

‘அலாரம்’ என்னும் சொல்லின் மூலம், ‘ஆயுதம் ஏந்துங்கள்’ என்று பொருள்படும் பழைய இத்தாலியக் கூக்குரல். ‘அபாய அறிவிப்பு’ என்று நாம் தமிழாக்கும்போது அழைப்பு நழுவி அறிவிப்பு மட்டுமே எஞ்சுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். மனுநீதிச் சோழன் வாயிலில் தொங்கியதாகச் சொல்லப்படும் ஆராய்ச்சி மணியை இடருற்றவர் அடித்தார். கேட்க அரசன் உள்ளே இருந்தான். போப்பின் மணியைத் திருடனே அடிக்கிறான். கேட்பவர் யார்?

இக்கேள்விக்கு விடை கண்டவர் எட்வின் ஹோம்ஸ். 1857இல் போப்பின் உரிமையை விலைக்கு வாங்கிய அவர், இரண்டாண்டுகளில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். பின்னர், வீடுகளிலும் வங்கிகளிலும் இருந்து கம்பிகளை ஒரு மைய நிலையத்துக்குக் கொண்டு வந்து, அங்கே இரவெல்லாம் ஆட்களை விழித்திருக்கச் செய்தார். 1877இல் பாஸ்டன் நகரில் அவர் மகன், வங்கிகளை இணைத்த அதே கம்பிகளைப் பகலில் டெலிபோன் பேச்சுக்கும் இரவில் காவலுக்குமாகப் பயன்படுத்தினார். உலகின் முதல் டெலிபோன் இணைப்பகங்களுள் ஒன்று இவ்வாறு களவு மணியின் கம்பியில் பிறந்தது.

போப்பின் அமைப்பில் ஒரு குறை உண்டு. கம்பியை அறுத்துவிட்டால் மணி ஊமையாகும். ஆகவே பின்வந்தோர் அதைத் தலைகீழாக்கினர். மின்சாரம் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் ஓட்டம் நின்று மணி ஒலிக்கும். திருடனும் சளைத்தவனல்லன், கதவுக்குச் செல்லும் இரு கம்பிகளை ஒன்றாக முறுக்கி, ஓட்டத்தைக் குறுக்கே திருப்பினான். அதற்கு மாற்றாகக் கம்பியின் கடைசி முனையில் சிறு மின்தடை ஒன்றைச் சேர்த்தனர். ஓட்டம் குறிப்பிட்ட அளவில் இருந்து மாறினால், கூடினாலும் குறைந்தாலும், பெட்டி அறிந்துகொள்ளும். 1936இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வால்ட்டர் எல்வுட் கண்டுபிடித்த ரீட் சுவிட்ச், கண்ணாடிக் குழாய்க்குள் இரு மெல்லிய தகடுகளைக் கொண்டது. கதவில் பதித்த காந்தம் விலகினால் தகடுகள் பிரியும். இன்றும் கதவு நிலைகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே.

1957இல் பெரும்பம்பாயின் எல்லைக்குள் சேர்ந்த முலுண்டில், பழைய மாடி வீடுகள் சிலவற்றில் இத்தகைய கம்பி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பியில்லாக் கருவி வைக்குமாறு கடைக்காரர் கூறுவது வழக்கம். நான் அதற்கு உடன்படேன். சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பிக்கு வயதாகிவிடுவதில்லை. கம்பியில்லாக் கருவிக்கோ கதவுதோறும் பாட்டரி மாற்ற வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் பச்சை பூத்த இணைப்புகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சுற்றையும் மீட்டரால் அளந்து, நல்லவற்றை வைத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியவை பெட்டியும் அதன் 12 வோல்ட் பாட்டரியுமே. பாட்டரி சில ஆண்டுகளில் சத்திழந்துவிடும். புதுப்பெட்டி கேட்கும் ஓம் அளவுள்ள மின்தடையைக் கதவுமுனையிலேயே பொருத்தச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பொருத்துவது சுலபம்; ஆனால் அப்போது அதனால் பயனே இல்லை.

இன்னும் முக்கியமானது பெட்டி பேசும் வழி. பழைய பெட்டிகள் தரைவழி டெலிபோனில் தாமே எண் சுழற்றின. அந்த டெலிபோனைத் திருப்பிக் கொடுத்தால் பெட்டியின் நாக்கும் அறுபடும். வீட்டுக்குள் மணி மட்டும் ஒலிக்கும். அமெரிக்காவில் பெரிய டெலிபோன் கம்பெனி ஒன்று 2016இன் இறுதியில் 2ஜி சேவையையும், 2022இல் 3ஜி சேவையையும் நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த பெட்டிகள் வேலைக்கு உதவாமற் போயின. ஆதலால் 4ஜியும் வைஃபையும் இரண்டும் உள்ள பெட்டியே மேல். அதிலுள்ள சிம்முக்குக் காலந்தவறாமல் பணம் கட்ட வேண்டும்.

மே மாதத்தில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ போகிறவர், அழைப்பு தம் கைபேசிக்கே முதலில் வரட்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நள்ளிரவில் அதைக் கேட்டு அவர் செய்யக்கூடியது, வேறொருவரை எழுப்புவதே. முதல் எண் எதிர்வீட்டாருடையதாகவும், இரண்டாவது கட்டடக் காவலாளியுடையதாகவும், தம்முடையது மூன்றாவதாகவும் இருக்கட்டும். 112க்கு அழைப்பதை அவர்கள் நேரில் பார்த்தபின் செய்யலாம். மணியை நிறுத்தும் இரகசிய எண்ணும் எதிர்வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் பதியும் குரலைத் தமிழில் பதியாதீர்கள். காவலாளிக்கு விளங்கும் ஹிந்தியிலோ மராத்தியிலோ, கட்டடத்தின் பெயர், மாடி, வீட்டு எண் ஆகிய மூன்றையும் மெதுவாக இருமுறை சொல்லிப் பதிந்துவிட்டு, ஊருக்குப் புறப்படும் முன் ஒருநாள் இரவு, அவரிடம் முன்னரே சொல்லி வைத்து, கதவைத் திறந்து ஒலிக்கச் செய்து பாருங்கள்.