காரை உறங்கவிடாத கடிகாரம்

மதுரை வட்டாரத்தின் மோட்டார் வரலாறு டி.வி.எஸ். நிறுவனத்தோடு பிணைந்தது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய இந்நிறுவனம், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் பெரிய விற்பனையாளராக விளங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாய் சேவ்ரியில் உதிரிபாகங்களைப் பூட்டிக் கார்களைத் தயாரித்தது. மேலூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையில் அந்தக் காலத்தில் ஓடிய செவர்லே கார்களின் பின்னணி இதுதான்.

கார்களில் முதலில் இருந்தவை கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்கள். பலவற்றுக்கு எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். 1930-களில் மின்சாரக் கடிகாரங்கள் பரவின. ஆனால் அமெரிக்கக் கார்களில் பரவலாக இருந்த வகையில் முள்ளை ஓட்டியது மின்சாரம் அல்ல, ஸ்பிரிங்தான். ஓரிரு நிமிடத்தில் ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடும். உடனே மின்காந்தம் ஒரு நெம்புகோலை உதைத்துத் தள்ளும். ஸ்பிரிங் மறுபடி முறுக்கேறும், முனைகளும் பிரிந்துவிடும். "டக்" என்று கேட்கும் சத்தம் இதுதான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சாவியை எடுத்தால் காரில் மற்றவை ஓய்ந்துவிடும். கடிகாரம் நேராக பாட்டரியோடு இணைக்கப்பட்டிருப்பதால் அதற்கு மட்டும் ஓய்வில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதுபோல, மாதக்கணக்கில் நிற்கும் காரின் பாட்டரி கரைந்துகொண்டே வரும். வெயிலில் பாட்டரி தானாகவே சக்தி இழப்பதும் வேகமாக நடக்கும். மதுரைப் பக்கத்து அக்கினி நட்சத்திர வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாட்டரி பலவீனமானால் மின்காந்தத்துக்கு நெம்புகோலைத் தள்ளும் வலு இருக்காது. முனைகள் பிரியாமல் ஒட்டியே நிற்கும். மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும், மிச்சமிருந்த பாட்டரியும் தீர்ந்துவிடும். இதைத் தடுக்கச் சில கடிகாரங்களுக்குள் ஈயப்பற்று வைத்திருந்தார்கள். சூடானால் அது உருகி இணைப்பைத் துண்டிக்கும்.

இன்னொரு சிக்கல் வோல்ட் மாற்றம். செவர்லே கார்கள் 1955 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தையவை 6 வோல்ட். பழைய காரில் 12 வோல்ட் பாட்டரியைப் பொருத்தி, கடிகாரத்தை அப்படியே விட்டால் அதன் சுருள் தாங்காது.

1960-களில் டிரான்சிஸ்டர் கடிகாரங்களும் 1970-களில் குவார்ட்ஸ் கடிகாரங்களும் வந்து முனைகளே தேவையில்லாமல் போயின. இன்று பலர் பழைய முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே குவார்ட்ஸ் பொருத்துகிறார்கள். நேரம் சரியாக இருக்கும், அந்த "டக்" சத்தம் மட்டும் இருக்காது. அதுவும் வேண்டும் என்பவர்கள் கடிகாரத்துக்குத் தனி ஃபியூஸ் போட வேண்டும், காரை நிறுத்தி வைக்கும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கடிகாரம் நின்றுபோனால் திரும்ப ஓட வைக்கலாம். கருகிய சுருளுக்கு ஈடான அசல் பாகம் எளிதில் கிடைக்காது.