மருந்துப் பரண்

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், செயிண்ட் தாமஸ் தேவாலயம் இருக்கிறது. குறுகிய சுழற்படிகள் 52 ஏறி அதன் கூரைக்குள் நுழைந்தேன். தடித்த உத்தரங்களின்மேல் பலகை பாவிய பரண் அது. அருகிலிருந்த மருத்துவமனையின் மருந்தாளர் 18ஆம் நூற்றாண்டில் மூலிகைகளை அங்கேதான் உலர்த்திச் சேமித்தார் என்பர். உலர்ந்த தழைக்கு எடை ஏது? பலகைக்கும் கவலை இல்லை.

1822ஆம் ஆண்டில் அப்பரணின் ஒரு பகுதியை அறுவை அரங்காக மாற்றினர். தழை உலர்ந்த இடத்தில் மனிதரைக் கிடத்துவதா என்று முதலில் என் மனம் கசந்தது. காரணத்தைக் கேட்டபின் அக்கசப்பு நீங்கிற்று. பெண்கள் பிரிவு பரணை ஒட்டியே இருந்தது. அதுவரை அவர்களுக்கு அறுவை நடந்தது மற்ற நோயாளிகளின் கண்முன்னே. மயக்க மருந்தோ 1846 வரையில் அங்கு வரவில்லை. அந்த ஓலத்தைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோகவே பரணை நாடினர்.

ஆனால் கீழே தேவாலயம் அல்லவா? குருதி கசிந்து சொட்டாதிருக்க, தளத்தின்மேல் மற்றொரு தளம் பாவி, இடையே மூன்று அங்குலத்துக்கு மரத்தூள் நிரப்பினர்.

1862இல் மருத்துவமனை இடம்பெயரவே, அரங்கு அடைபட்டது. 1956இல் ரேமண்ட் ரஸ்ஸல் என்பார் ஏறிப் பார்க்கும்வரை இருளில் கிடந்தது. பின்னாளில் கூரை மரங்களிடையே சில காய்கள் அகப்பட்டன; அபினி தரும் கசகசாக் காய்கள், நன்றாக உலர்ந்தவை.