ஊதுவோரும் உடைமையாளரும்: ரியூபாவின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இசை வரலாறு என்ற பெயரில் நம்மிடையே எழுதப்பட்டுள்ளவற்றுட் பெரும்பாலானவை வாக்கேயகாரர்களின் வரலாறாகவோ புரவலர்களின் வரலாறாகவோ அமைந்துள்ளன. இசையை உழைப்பாக நோக்கும் பார்வை அவற்றில் அரிது. நிந்தவூர், கல்முனைப் பகுதிப் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகளில் பாண்ட் வாத்தியக் குழுவினர் அணிவகுத்துச் செல்வது நமக்குப் பழகிய காட்சி. ஆயினும் அக்கருவிகள் எத்தகைய சமூகத் தேவையிற் பிறந்தன, அவற்றை ஊதிப் பிழைத்தவர்கள் யாவர் என்னும் வினாக்கள் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படவில்லை. பாண்ட் வாத்தியங்களுள் மிகப் பெரியதும் ஆழ்ந்த மந்தர ஒலி தருவதுமான ரியூபாவை முன்னிறுத்தி அவ்வினாக்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரியூபா தொன்மையான கருவியன்று. 1835 செப்ரெம்பர் 12 ஆம் திகதி, படை இசைத் தலைவரான வீப்ரெக்ட் என்பவருக்கும் பேர்லின் நகரத்துக் கருவி வினைஞரான மொரிட்ஸ் என்பவருக்கும் பிரஷ்ய அரசு இதற்கான காப்புரிமையை வழங்கிற்று. அதற்கு முன்னர் பாம்புபோல் வளைந்த ‘சேர்ப்பென்ற்’ என்ற மரக்கருவியும், துளைமூடிகள் பூட்டிய ‘ஒஃபிக்கிளைட்’ என்ற உலோகக் கருவியும் மந்தர ஒலிக்குப் பயன்பட்டன. அவற்றின் ஒலி எல்லாச் சுரங்களிலும் ஒரு சீராக அமையவில்லை. 1810 களில் ஜேர்மனியில் உருவான வால்வு இக்குறையைத் தீர்த்தது. வால்வை அழுத்தும்போது காற்று மேலதிகக் குழாயொன்றைச் சுற்றிச் செல்கிறது. குழாயின் நீளம் கூடச் சுருதி தாழ்கிறது. பெரிய ரியூபாவின் பிரதான குழாயை நிமிர்த்தினால் அது ஏறத்தாழ 18 அடி நீளும். காற்றுக் கசியாமலும் சிக்காமலும் அசையும் வால்வுகளைப் பெருந்தொகையாகச் செய்வது, இயந்திரத் தொழில் வளர்ந்த சமூகத்துக்கே இயல்வதாயிற்று. நடந்தவாறே இசைக்கத்தக்க மந்தரக் கருவியோ படைகளுக்குத் தேவைப்பட்டது. தொழிற்புரட்சி வழிவகுக்க, இராணுவம் தேவையைத் தந்தது எனலாம்.

படைக்கு வெளியே இக்கருவியை முதலில் ஏந்தியோருள் தொழிலாளர் முக்கியமானவர்கள். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிளாக் டைக் ஆலையின் இசைக்குழு 1855 இல் அமைந்தபோது கருவிகளையும் சீருடைகளையும் ஆலை முதலாளியே வழங்கினார். ஓய்வு நேரத்திலும் தொழிலாளரை ஒழுங்குக்குள் வைத்திருக்க இசை உதவும் என முதலாளிகள் கருதினர். ஆனால் 1871 இல் தொடங்கிய டேர்ஹம் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில், சங்கக் கொடிகளின் முன்னே முழங்கியவையும் இத்தகைய பித்தளைக் குழுக்களே. ஒரே கருவி இரு வர்க்க நலன்களுக்கும் பயன்பட்டமை ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

குடியேற்ற நாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. தமிழகத்துக்கு மேனாட்டுக் குழு இசை ரியூபாவுக்கு முன்னரே வந்துவிட்டது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் ஆட்சிக்காலத்தில் (1798-1832) அரண்மனையிலேயே அத்தகைய குழு இருந்தது. கும்பினிப் படையினரின் குழுக்கள் வாசித்த மெட்டுக்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார்; அவை ‘நோட்டுஸ்வரம்’ எனப்பட்டன. அவர் மறைந்ததும் ரியூபா காப்புரிமை பெற்ற அதே 1835 இல்தான். அவர் ஏற்றுக்கொண்டது மெட்டை மட்டுமே. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ஐரோப்பிய இசைவுமுறையை அன்று. அந்த இசைவுக்கு அடித்தளமிடுவதே ரியூபாவின் பணியாதலால், பின்னர் அது இந்திய ஊர்வலங்களில் நுழைந்தபோது அதன் பணியும் மாறியது. மெட்டு கிளாரினெற்றுக்கும் ட்றம்பெற்றுக்கும் உரியதாயிற்று. பெருங்குழல்கள் பெரும்பாலும் ஆதார சுருதியில் நின்றன; அல்லது தாளத்துக்கு வலுவூட்டின.

இம்மாற்றத்தை நிகழ்த்தியவர்கள் யார்? 1857 இல் கிளர்ச்சி தொடங்கிய மீரட் நகரம் இதற்கு நல்ல சான்றாகும். பிரித்தானியப் படையில் பாண்ட் தலைவராக இருந்த நாதிர் அலி 1885 இல் அங்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதி தடைப்பட, உள்ளூர் உற்பத்தி விரிந்தது. ஜலி கோட்டிப் பகுதியின் பட்டறைகளில், பெரும்பாலும் முஸ்லிம் கைவினைஞர், பித்தளைத் தகட்டைத் தட்டியும் குழாயை வளைத்தும் இந்தியாவெங்கும் உள்ள குழுக்களுக்குக் கருவிகள் ஆக்கினர்.

ஊதியவர்களின் நிலை வேறு. இந்தியக் கலியாண பாண்ட் குழுக்களை ஆராய்ந்து 2005 இல் நூல் வெளியிட்ட கிரெகரி பூத், அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரும் வறிய முஸ்லிம்களுமே எனக் காட்டுகிறார். தமிழகத்திலும் பறை முழக்கிய சமூகங்களைச் சேர்ந்தோர் பலர் இத்தொழிலுக்கு வந்தனர். கருவியும் சீருடையும் கடை உரிமையாளருடையவை. மூச்சு மட்டுமே வாத்தியக்காரனுடையது. கலியாணப் பருவம் முடிந்தால் கூலியும் முடியும். படை அதிகாரியை ஒத்த உடையணிந்து மாப்பிள்ளையை அழைத்துவரும் அவன், மணவீட்டு வாசலோடு நின்றுவிடுகிறான்.

நமது கரையோரத்தில் இசைபற்றிய விவாதம் அது மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்ற எல்லைக்குள்ளேயே பெரிதும் நிகழ்கிறது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவில் றபான் அடிக்கும் பக்கீர்மாரும் அவ்விவாதத்தின் பொருளாகின்றனரேயன்றி, உழைக்கும் மனிதராக நோக்கப்படுவதில்லை. மார்க்கத் தீர்ப்பு எதுவாயினும், அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்ற வினா எஞ்சியே நிற்கும்.

பழைய ரியூபாக்களே இவ்விடத்து ஆவணங்களாகின்றன. அவற்றின் வாய்ப்புறத்தில் செய்தவரின் பெயரும் நகரமும் பொறிக்கப்பட்டிருக்கும். பூசி, ஹோக்ஸ் ஆகிய இரு இலண்டன் நிறுவனங்கள் 1930 இல் இணைந்தன. எனவே இரு பெயரும் சேர்ந்து பொறித்த கருவி அதற்குப் பிற்பட்டது என அறியலாம். ஊதியவனின் பெயரைத்தான் காண முடிவதில்லை. இடக்கை பற்றிய இடத்தில் தேய்ந்த முலாம், விழுந்து நெளிந்த வளைவு, மீண்டும் மீண்டும் ஒட்டவைத்த ஈயப்பற்று ஆகியனவே அவன் விட்டுச்சென்ற சான்றுகள்.

பாடசாலைகளிலும் படை, பொலிஸ் குழுக்களிலும் இக்கருவிகளை வாசித்த முதியோரிடம் அவர்கள் பெற்ற கூலி, கற்ற முறை, கருவியின் உடைமை, வாசித்த மெட்டுக்கள் பற்றிய வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுதல் இன்று உடனடித் தேவையாகும். அத்தகைய சான்றுகளைச் சேர்த்துக்கொள்ளாத இசை வரலாறு உடைமையாளரின் வரலாறாகவே தொடரும்.