பிள்ளைக்காம்பராவும் பரீட்சை மண்டபமும்

போன செமஸ்டர் பரீட்சைக் காலத்தில் நாங்கள் நாலு பேர் மாறி மாறி ஒரு ஏழு மாதப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டோம். பரீட்சை மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மாமரம் இருக்கிறது. அதற்குக் கீழே பாய் விரித்து, அந்தப் பாடம் எடுக்காதவர்கள் உட்கார்ந்திருப்போம். அக்கா உள்ளே மூன்று மணித்தியாலம் எழுதுவா. பிள்ளை இரண்டாவது மணித்தியாலத்தில் அழத் தொடங்கும். போத்தல் பால் குடிக்காது. தூக்கிக்கொண்டு நூலகம் வரைக்கும் நடப்போம், அழுகைச் சத்தம் மண்டபத்துக்குள் கேட்கக்கூடாது என்பதற்காக.

அக்கா எங்களைவிட இரண்டு வயது மூத்தவ. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவ. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு போனிலேயே தமிழ் வகுப்பு எடுத்து அறை வாடகையைச் சமாளிக்கிறா. "ஏன் அம்மாவைக் கூப்பிடக்கூடாது?" என்று ஒருநாள் கேட்டோம். கேட்டிருக்கக்கூடாது. "அம்மா இன்னும் கொழுந்து எடுக்குது. இங்க வந்தா பேரு போயிரும்" என்றா. பிறகு கொஞ்சம் சிரித்துவிட்டு, "எங்கம்மா என்னைய புள்ள காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போகும். எனக்கு அதும் இல்ல" என்றா.

அந்தக் கடைசி வசனம் எங்களை விடவில்லை. தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்த தாய்க்கு இருந்த ஒரு வசதி, பல்கலைக்கழகம் வந்த மகளுக்கு இல்லை. இது எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கினோம்.

பிள்ளைக்காம்பரா தெரியாத வாசகர்களுக்கு: தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுச்செல்லும் இடம் அது. பிள்ளைமடுவம் என்றும் சொல்வார்கள். ஒரு ஆயம்மா இருப்பா. வரிசையாகத் தொட்டில் தொங்கும். இப்போது பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருந்தாலும், லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அது வந்த கதைக்குத் தேயிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் ஆண்களே அதிகம். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பிப் போனவர்கள் பலர். 1869-இல் இலை நோய் தெரியவந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867-இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. எடுத்த செடியில் வாரத்துக்கொரு தடவை போல திரும்பவும் கொழுந்து வந்துவிடும், எடுக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே வருடம் முழுக்கக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் பெண்களுடைய கைகள். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் பிள்ளை பிறக்கும். பிள்ளை பிறந்த பெண்ணைச் சீக்கிரம் மலைக்கு அனுப்ப வேண்டும் என்பது துரைமாரின் பிரச்சினை.

கூடை முதுகில், படங்குச் சாக்கு இடுப்பில். பிள்ளையை எங்கே வைப்பது? மரத்தில் தூளி கட்டலாம், மழை வந்தால் முடியாது. லயத்தில் மூத்த பிள்ளையிடம் விட்டுப் போகலாம். மூத்த பிள்ளை என்றால் பெரும்பாலும் ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை. தம்பி தங்கச்சியைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடம் போகாத அந்தப் பிள்ளைகளின் கதையை யாராவது தனியாக எழுத வேண்டும். 1945-இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது, ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களில்தான். இடையில் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரமாகவும் தொட்டில் பக்கத்திலும் இருந்தது.

இந்த இடத்தில்தான் 'பேர்' என்ற சொல் முக்கியம். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்பார்கள். பெரட்டுக்குப் பிந்தினால், அல்லது எடுத்த கொழுந்து கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர். பால் கொடுக்க நடுவில் ஓடிவரும் தாய்க்கு ஒவ்வொரு ஓட்டமும் கொழுந்துக் கணக்கில் குறையும். அதுவும் குறைந்த கூலியிலிருந்து. 1927-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு. தோட்டப் பெண்ணுக்குச் சமசம்பளம் கிடைக்க 1984 ஆனது.

1939-இல் அரசாங்க சபை இருந்த காலத்தில், 32-ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது. பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஓய்வும் காசும் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சொன்ன சட்டம் அதுதான். தோட்டத்துக்குத் தனி வழி ஒன்றும் அதில் இருந்தது, காசின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிரசவ விடுதி, சாப்பாடு போன்ற மாற்று நன்மைகள் கொடுக்கலாம். பிற்காலத் திருத்தங்கள் அதற்குள் இன்னும் இரண்டு விடயங்களைச் சேர்த்தன. ஒரு எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வைத்து வேலை வாங்குபவர் பிள்ளைகளுக்கான இடம் நடத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைமடுவம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம்.

இதை வாசித்தபோது நாங்கள் மாமரத்தடியைத்தான் நினைத்தோம். மூன்று மணித்தியாலத்துக்குள் இடைவேளையே இல்லாத ஒரு வேலையை அக்கா செய்துகொண்டிருந்தா. ஆனால் அது வேலை இல்லையே.

பிள்ளைக்காம்பராவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. பழைய காம்பராக்கள் இருட்டு, புகை, ஈரம். ஒரு ஆயம்மாவின் கையில் எத்தனையோ பிள்ளைகள். தோட்டங்களில் கைக்குழந்தை மரணம் பல பத்தாண்டுகளாக நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாகவே இருந்தது. வெள்ளையடித்து, சின்னக் கதிரை போட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியை வைத்த நிலையங்கள் எல்லாம் பெரும்பாலும் 1990-களுக்குப் பிறகு, வெளிநாட்டு உதவிகளோடு வந்தவை. அது கருணையில் கட்டப்பட்டதல்ல, கொழுந்துக்காகக் கட்டப்பட்டது. ஆனாலும் கட்டப்பட்டது. தாய் வேலை செய்யாவிட்டால் நட்டம் யாருக்கு என்று தெளிவாகத் தெரிந்த இடத்தில், தொட்டில் தொங்கியிருக்கிறது.

இதே கணக்கு மற்ற இடங்களிலும் ஓடுகிறது. 2013-இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப்பணிக்கு வெளிநாடு போகக்கூடாது என்று அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது. 2022-இல் டொலர் இல்லாமல் போனதும், அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. மூன்று வருடப் பிள்ளைப் பாசத்துக்கு என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை.

பல்கலைக்கழகம் வேறு ஒரு கற்பனையில் கட்டப்பட்டது. 1952-இல் பேராதனைக்குப் போனபோது, மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு வளாகமாகத்தான் அதை யோசித்தார்கள். சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர என்று பெண்களுக்கு அழகான விடுதிகள் உண்டு. அவற்றின் அறைகளில் மேசை, கட்டில், அலுமாரி. அந்த அறைக்குள் கற்பனை செய்யப்பட்ட பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்கு அது பெரிய பிழையாகத் தெரிந்திருக்காது, படிக்க வந்த பெண்களே கொஞ்சம். இன்றைக்கு நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் அரைவாசிக்கும் மேல் பெண்கள். எங்கள் கலைப்பீட விரிவுரைகளில் ஆண்களை விரல்விட்டு எண்ணலாம். அறை மட்டும் அப்படியே இருக்கிறது. 1980-இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது பல தாய்மாருக்கு, முக்கியமாக வேலை செய்துகொண்டே படிக்கும் ஆசிரியைகளுக்கு, உதவியது உண்மை. ஆனால் நேரடியாக அனுமதி கிடைத்து வளாகத்துக்கு வரும் இருபத்திரண்டு வயதுத் தாயை, "நீங்க அங்க போயிருக்கலாமே" என்று கேட்பது நியாயமா?

சட்டத்தில் மாணவி தொழிலாளி இல்லை. அதனால் மகப்பேற்று விடுமுறை அவளுக்குப் பொருந்தாது. 2018-இல் எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் தொழிலாளிக்கு 84 நாள் என்று ஆக்கினார்கள், நல்ல விடயம், அதுவும் அவளுக்கில்லை. எங்கள் பீடத்தில் ஒரே ஒரு வழி இருக்கிறது: மெடிக்கல் போடுவது. அக்காவும் போட்டா. பிள்ளை பெற்றதை நோய்க்கான படிவத்தில் எழுதிக் கொடுத்தா. 'நோயின் தன்மை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் எங்களிடம்தான் கேட்டா. எங்களுக்கும் தெரியவில்லை. ஒருத்தி "மகள் எண்டு எழுதுங்கோ அக்கா" என்றாள். சிரித்தோம். பிறகு 'பிரசவம்' என்று எழுதிக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வரவுக்கு அது போதாதாம், 80 வீதம் தனியாக வேண்டுமாம்.

இந்த செமஸ்டர் மாமரத்தடியில் பாய் இல்லை. பிள்ளைக்குப் பத்து மாதமானதும் அக்கா ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தா. அம்மா காலையில் பெரட்டுக்குப் போகமுதல் பேத்தியைப் பிள்ளைக்காம்பராவில் விடுகிறா. அக்கா வளர்ந்த அதே காம்பரா. கட்டடம் புதிது, ஆயம்மா வேறு. பத்து மணிக்கு விரிவுரைக்கு நடுவில் அந்த ஆயம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவா. போன் வாங்கு வழியே எங்கள் நாலு பேரிடமும் போய்த் திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு விரிவுரை இருக்கிறது. அதற்கு இருந்தால் ஹட்டனுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும், அங்கிருந்து தோட்டத்துக்கு பஸ் கிடைக்காது. பதினைந்து வாரத்தில் எத்தனை வெள்ளியை விட்டால் 80 வீதம் குறையாது என்று கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறா. மூன்று. இரண்டு முடிந்துவிட்டது.